எல்ராய் வீட்டில் இருக்கிறார்

குளிர்காலத்தில் அந்த ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். ஏரி உறையத் தொடங்கியதும் மோட்டல்காரர்கள், படகு வாடகைக்காரர்கள், தூண்டில் இரை விற்பவர்கள் எல்லாரும் குழாய்களில் தண்ணீரை வடித்துவிட்டுத் தெற்கே கிளம்பிவிடுவார்கள். ஏப்ரலில் பனி அழுக்காகிக் கரையும்போதுதான் திரும்புவார்கள். விஸ்கான்சினின் வடகோடியில் யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. போக முடிந்தும் போகாதவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அப்படிப் பார்க்கப்பட்டவர் எல்ராய் ஹவ்லிக். பிரதான சாலையில் பச்சைக் கதவு போட்ட வீடு. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, அந்தக் கதவைத் தட்டினால் அவர் திறப்பார். அவருடைய மகள் ரெனே மில்வாக்கியில் பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். அப்பா என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் "வீட்டில் இருக்கிறார்" என்பாள். அதற்கு மேல் விளக்கப் போனால் நீண்டுவிடும்.

எல்ராய் முதலில் தபால்காரராக இருந்தவர். ஊருக்கு வெளியே பண்ணை வீடுகளுக்குக் காரில் போய்த் தபால் கொடுப்பார். பதிவுத் தபாலோடு பனியில் அத்தனை தூரம் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்புவதைப் போல மனசு விட்டுப்போகிற வேலை உலகத்தில் கிடையாது என்பார். ஐம்பது வயதைத் தாண்டியதும் மாரடைப்பு வந்தது. வேலையை விடச் சொல்லிவிட்டார்கள். ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சாலையில் புதுத் தபால்காரன் போகும்போதெல்லாம் வண்டியை ரொம்ப வேகமாக ஓட்டுகிறான் என்று சொல்வார்.

அந்தச் சமயத்தில்தான் மோட்டல் நடத்திய பெவ் டொமாச்செக் தன் மோட்டலை எல்.எல்.சி. கம்பெனியாக மாற்றினாள். யாராவது படியில் வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால் மோட்டலோடு போகும், அவளுடைய வீட்டைத் தொட முடியாது. அதுதான் அதன் சாரம். ஆனால் கம்பெனிக்குப் பதிவு முகவர் என்று ஒருவரைக் காட்ட வேண்டும். வழக்கு நோட்டீஸ் வந்தால் கையில் வாங்கிக்கொள்ள ஒரு ஆளும், ஒரு விலாசமும். பெவ் தன் பெயரையும் தபால் நிலையத்தில் இருந்த தன் பெட்டியின் எண்ணையும் எழுதி அனுப்பினாள். அந்த ஊரில் எல்லாருக்கும் கடிதம் அந்தப் பெட்டிகளுக்குத்தான் வரும். மாநில அலுவலகம் திருப்பி அனுப்பியது. பெட்டி செல்லாது, தெருவும் வீட்டு எண்ணும் வேண்டும். தன் வீட்டு எண் என்ன என்று பெவ் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகுதான் குளிர்காலம் நினைவுக்கு வந்தது. அலுவலகத்துக்குப் போன் செய்தாள். வேலை நேரத்தில் அந்த விலாசத்தில் ஆள் இருக்க வேண்டும் என்று அங்கிருந்த பெண் சொன்னாள்.

பெவ் நேரே பச்சைக் கதவுக்கு வந்தாள்.

"வருஷம் பூரா வீட்டோட கெடக்கறவன் இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான், எல்ராய். உன் பேரப் போட்டுக்கறேன்."

"என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். இருக்கணும், அவ்வளவுதான்."

அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். பெவ்வைப் பார்த்து இரைக்கடை டூயி வந்தான். அவனைப் பார்த்து மற்றவர்கள். சில வருடங்களில் ஏரியைச் சுற்றியிருந்த கம்பெனிகளில் பெரும்பாலானவற்றுக்கு எல்ராய்தான் முகவர். கூலி கிடையாது. இலையுதிர் காலத்தில் மான் இறைச்சி சாசேஜ், கிறிஸ்துமஸுக்கு ஒரு பிராந்தி பாட்டில். வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு எந்த உணவகத்துக்குப் போனாலும் அவர் தட்டில் ஒரு துண்டு கூடுதலாக விழும். ஐந்து மணிக்கு மேல்தான் போவார்.

ஒன்பது மணிக்குச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு உட்காருவார். நகர்ந்தால் கதவில் சீட்டு ஒட்டிவிட்டு நகருவார். 'பின்பக்கம் பனி தள்ளுகிறேன், சத்தமாகக் கூப்பிடவும்.' 'குளியலறையில் இருக்கிறேன், போய்விட வேண்டாம்.' இந்த இரண்டாவது சீட்டை வைத்து டூயி ஆயுசுக்கும் கேலி செய்தான். வியாழக்கிழமைச் சீட்டாட்டம்கூட அவர் வீட்டுக்கே இடம் மாறியது.

ஒரே ஒருமுறை பெரிய நோட்டீஸ் வந்தது. ஜனவரி, கண் தெரியாத பனி. ஷெரிப்பின் ஆள் முழங்கால் வரை நனைந்து வந்து நின்றான். டூயியின் படகில் கை முறிந்த ஒருவர் தொடுத்த வழக்கு. டூயி அப்போது புளோரிடாவில் இருந்தான். எல்ராய் அந்த நிமிஷமே போன் செய்தார், டூயி உரிய நேரத்தில் வக்கீலைப் பிடித்தான், தப்பித்தான். ஊரே அதைப் பேசியது. அன்று ஷெரிப்பின் ஆள் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னதை மட்டும் எல்ராய் யாரிடமும் சொல்லவில்லை. சமையலறையிலிருந்த மனைவி மார்லிஸின் காதில் விழுந்தது. அவள் ரெனேயிடம் சொன்னாள். "நீங்க இல்லன்னா நாளைக்கு வந்திருப்பேன், அவ்வளவுதான்" என்றானாம்.

மார்லிஸ் எல்ராயின் மனைவி. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். பெரிய பாத்திரங்களைத் தூக்கித் தூக்கி விரல் மூட்டுகள் போய்விட்டன. குளிர் வந்தால் கரண்டி பிடிக்க முடியாது. டெக்சாஸில் வளைகுடாக் கரையோரம் அவளுடைய அக்கா சக்கரத்தின் மேல் நிற்கும் ஒரு டிரெய்லர் வீட்டை விட்டுவிட்டுச் செத்துப்போனாள். டூயியின் வழக்குக்கு மறுவருடத்திலிருந்து மார்லிஸ் குளிர்காலத்துக்கு அங்கே போக ஆரம்பித்தாள். புத்தாண்டு முடிந்ததும் பெட்டியோடு கதவருகில் நின்று கேட்பாள்:

"இந்த வருஷமாவது வர்றியா?"

"அடுத்த வருஷம். எனக்குப் பதிலா ஒரு ஆளப் பாத்து வெச்சுட்டு வரேன்."

ரெனே கல்லூரி முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, அது முறிந்து, தலையில் நரை வந்த வரைக்கும் இந்தப் பேச்சு மாறவில்லை. மாலை ஐந்து மணி தாண்டி ஐந்து நிமிஷம் ஆனதும் டெக்சாஸிலிருந்து போன் வரும்.

"ஆபீஸ் மூடியாச்சா?"

"மூடியாச்சு."

அதற்கப்புறம் மார்லிஸ் பேசுவாள். கூழைக்கடா ஒன்று பக்கத்து வீட்டு மீனைத் திருடியது, எலுமிச்சை மரம் பூத்தது. அவர் 'ம்' கொட்டுவார். இங்கே பனி எவ்வளவு என்று சொல்வார். வைத்துவிடுவார்கள்.

ஓர் அக்டோபர் மாதம், புத்தாண்டுக்குப் பிறகு டெக்சாஸுக்கு எடுத்துப்போக வேண்டிய கோடைச் சட்டைகளைக் கட்டிலில் மடித்து வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போன மார்லிஸ் அங்கேயே விழுந்து இறந்துபோனாள். அடக்கம் சனிக்கிழமை நடந்தது. அது தற்செயலா என்று ரெனே அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தாள்.

அதன் பிறகு ஐந்து மணி தாண்டியதும் ரெனேதான் போன் செய்தாள். ஆபீஸ் மூடியாச்சா என்று மட்டும் அவளால் கேட்க முடியவில்லை. "சாப்டீங்களா?" என்று கேட்பாள். அவர் சாப்பிட்டதைச் சொல்வார். கூழைக்கடாவைப் பற்றிப் பேச இரண்டு பேருக்கும் எதுவும் இல்லை. ஒருமுறை அவள் பாலத்தின் அடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு விரிசலை அளந்துகொண்டிருந்தபோது, அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்ல என்று யோசிக்கும் முன்பே கண்ணாடி மங்கிவிட்டது. அளவை மறுபடி எடுத்தாள்.

டிரெய்லர் அப்படியே இருந்தது. அடுத்த இலையுதிர் காலத்தில், டிரெய்லர்கள் வரிசையாக நின்ற அந்தக் குடியிருப்பை வாங்கிய புது முதலாளிகள் எழுதியிருந்தார்கள். ஜனவரி முடிவதற்குள் காலி செய்துவிட வேண்டும்.

"நீ போய் வேணுங்கறத எடுத்துக்கம்மா" என்றார் எல்ராய்.

"நீங்க வரணும்ப்பா."

"வார நாள்ல எப்படி வர்றது? போகவே ரெண்டு நாளு."

ரெனேயால் தனியாகப் போய்க் காலி செய்துவிட்டு வந்திருக்க முடியும். ஆனால் அவள் காலி செய்தால் அப்பாவுக்கு வந்து சேர்வது அட்டைப் பெட்டிகள்தான். அம்மா அத்தனை குளிர்காலம் இருந்த இடத்தை, அம்மா விட்டுப்போன மாதிரியே, அப்பா ஒரு தடவை பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு ஜனவரி வரைதான் நேரம் இருந்தது.

அந்த வருடம் மாநிலம் எல்.எல்.சி. சட்டத்தையே திருத்தி எழுதியிருந்தது. புத்தாண்டு முதல் எல்லாக் கம்பெனிக்கும் புதுச் சட்டம். வேண்டாமென்றால் அதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டுப் பழையதிலேயே இருந்துகொள்ளலாம். ஊர் குழம்பிப்போய் மாவட்டத் தலைநகரிலிருந்து கோர்ட்னி லாங்க் என்ற இளம் வக்கீலை வரவழைத்தது. டிசம்பர் முதல் வியாழன், ஊர்க்கூடத்தில், ஐந்தரை மணிக்கு. எல்ராய் வரட்டும் என்றுதான் அந்த நேரம். ரெனேயும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். புதுச் சட்டத்தில் அவரை விடுவிக்க ஏதாவது ஒரு வரி இருக்கும் என்று ஒரு நப்பாசை.

வக்கீல் நன்றாகவே விளக்கினாள். பழைய சட்டத்தை எழுதியபோது இந்த மாதிரிக் கம்பெனியே புதுசு, எது எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாது, இப்போது மற்ற மாநிலங்களோடு ஒத்துப்போகிற மாதிரி மாற்றியிருக்கிறார்கள். இனிமேல் பங்குதாரர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் கம்பெனியைக் கட்டுப்படுத்திக் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. இதைக் கேட்டதும் எல்லாரும் டூயியின் மச்சானைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் யாரையும் கேட்காமல் மூன்று படகு வாங்கியவன்.

தானும் மச்சானும் எதையும் எழுதி வைக்கவில்லையே என்று டூயி கேட்டான்.

"எழுதாம வாயால பேசி வெச்சதும் ஒப்பந்தம்தாங்க" என்றாள் வக்கீல். "வருஷக்கணக்கா ஒரே மாதிரி நடந்துக்கிட்டு வந்தீங்கன்னா, அதையும் ஒப்பந்தமா எடுத்துக்கலாம்."

எல்ராய் தலை நிமிர்ந்ததை ரெனே பார்த்தாள். அவர் மெல்லக் கையைத் தூக்கினார்.

"புதுச் சட்டத்துலயும் முகவர் அந்த விலாசத்துல உக்காந்திருக்கணுமா?"

"முகவர் வேணும், விலாசமும் வேணும். உக்காந்திருக்கணும்னா எப்படி சார்?"

"ஒன்பதுலேருந்து அஞ்சு வரைக்கும்."

அவள் புரியாமல் சிரித்தாள். "யாரையும் நாற்காலியில கட்டிப்போட பழைய சட்டம்கூடச் சொல்லலையே மிஸ்டர் ஹவ்லிக். நோட்டீஸ் வந்தா உங்க கைக்குக் கிடைக்கற மாதிரி ஒரு ஏற்பாடு இருந்தாப் போதும். நீங்க இல்லாதப்போ வீட்டப் பாத்துக்க ஒருத்தர் இருந்தாலே போதும். இப்பல்லாம் தலைநகர் மேடிசன்ல இதுக்குன்னே கம்பெனிங்க இருக்கு."

கூடம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, பாசமான சிரிப்புதான். எல்ராயும் சிரித்தார். ஆனால் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு.

அன்று வியாழன், சீட்டாட்டத்தை விட முடியாது. பெவ்வும் டூயியும் பச்சைக் கதவு வீட்டுக்கு வந்தார்கள். மார்லிஸின் இடத்தில் உட்கார்ந்து ரெனே ஆடினாள். கொஞ்ச நேரம் யாரும் கூட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. டூயிக்குத்தான் பொறுக்கவில்லை.

"குளியலறைச் சீட்டுக்குக்கூட அவசியம் இல்லாமப் போச்சே எல்ராய்."

"டூயி, வாய மூடிக்கிட்டு சீட்டப் போடு" என்றாள் பெவ். பிறகு தன் கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். "மார்லிஸுக்கு இது தெரியும்."

எல்ராய் அவளைப் பார்த்தார்.

"டெக்சாஸுக்குப் போக ஆரம்பிச்ச மறுவருஷமே மார்லிஸ் ஒரு வக்கீல்கிட்டக் கேட்டுட்டா. என்கிட்ட சொன்னா. அப்புறம் ஏண்டி அவன்கிட்ட சொல்லலன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"சட்டம் விட்டதுனால வர்ற ஆளு எனக்கு வேணாம், நான் கூப்பிட்டதுக்கு வரட்டும்னா. எத்தன வருஷமானாலும் கூப்பிடறேன்னா."

அடுப்பின் மேல் இருந்த காப்பிப் பாத்திரம் முனகிக்கொண்டிருந்தது. எல்ராய் கையிலிருந்த சீட்டுகளைக் கலைத்துக் கலைத்து அடுக்கினார். கடைசியில் "யார் முறை?" என்றார். அவர் முறைதான்.

மறுநாள் காலை ஒன்பது அடிக்கும் முன்பே சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்து, முகவர் பொறுப்பிலிருந்து விலகுவது எப்படி என்று கணினியில் பார்த்துச் சொல்லும்படி ரெனேயைக் கேட்டார். எல்லாக் கம்பெனிக்கும் தனித்தனியாக எழுதி அனுப்ப வேண்டும்; கடைசிக் கடிதம் போகும்போது டிசம்பர் பாதி ஆகிவிட்டது. விலகல் ஒரு மாதம் கழித்துத்தான் முழுமையாகும். அதற்குள் புது முகவரைப் போட்டுவிட்டால் அன்றோடு சரி. வேதனையோடு பார்க்க வந்த டூயியிடம் அந்த மேடிசன் கம்பெனியையே வைத்துக்கொள்ளச் சொன்னார். கிறிஸ்துமஸுக்குள் எல்லாரும் வைத்துக்கொண்டுவிட்டார்கள். பிராந்தி பாட்டில்கள் மட்டும் வழக்கம்போல வந்தன.

அப்படியும் அவர் கிளம்பவில்லை. புத்தாண்டு கழிந்தும் ஒன்பதிலிருந்து ஐந்து வரை ஜன்னலோரம்தான். ரெனே முதல்முறையாகப் போனில் குரல் உயர்த்தினாள்.

"இப்ப உங்க பேரு எதுலயுமே இல்லப்பா. யாருக்காக உக்காந்திருக்கீங்க?"

"பழைய விலாசத்தப் பாத்துட்டு யாராவது பனியில வந்துட்டா? ஒரு மாசம்னு எழுதிக் குடுத்திருக்கேன். அது முடியட்டும்."

"அம்மாவும் இப்படித்தான கேட்டாங்க."

சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது என்பது ரெனேக்குத் தெரிந்தது.

"ஆமா" என்றார் எல்ராய். "அவகிட்ட அடுத்த வருஷம்னு சொல்லிட்டு வராம இருந்தேன். இவங்ககிட்ட ஒரு மாசம்னு சொல்லிட்டு முன்னாடியே கிளம்பிட்டேன்னா, ரெண்டு பக்கமும் சொன்னதச் செய்யாதவனாயிடுவேன்மா. இது முடிஞ்சதும் வரேன். நெசமா வரேன்."

யாரும் வரவில்லை. ஜனவரி நடுவில் அந்த ஒரு மாதக் கெடு முடிந்த மறுநாள் காலை ரெனே காரோடு வந்தபோது அவர் மேல்கோட்டும் தொப்பியுமாக வாசலில் நின்றிருந்தார். பெட்டி ஒன்றுதான். கதவில் ஒரு புதுச் சீட்டு. 'எல்ராய் ஹவ்லிக் கீழே உள்ள விலாசத்தில் இருக்கிறார்' என்று எழுதி, டெக்சாஸ் விலாசத்தை எண்ணோடு, தெருவோடு, தபால் குறியீட்டோடு எழுதியிருந்தார். எதையும் பார்க்காமல் எழுதியிருக்க வேண்டும். அத்தனை குளிர்காலமும் மார்லிஸுக்குப் பார்சல் அனுப்பியவர்.

இரண்டு நாள் பயணம். ஆர்கன்சா மாநிலத்துக்குள் வந்ததும் பனி நின்றது. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

புதன்கிழமை பிற்பகல் போய்ச் சேர்ந்தார்கள். டிரெய்லர் வரிசையில் பாதிக்கு மேல் காலியாகிவிட்டிருந்தது. மார்லிஸின் வாசலில் கடலைப் பார்த்து இரண்டு மடக்கு நாற்காலிகள் இருந்தன. ஒன்றின் துணி உட்கார்ந்து உட்கார்ந்து தொய்ந்து வெளுத்திருந்தது. மற்றது வெயிலில் வெளுத்திருந்ததே தவிர, தொய்யவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து நெப்ராஸ்காக்காரி ஒருத்தி, லோயிஸ் என்று பெயர், கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ரெனேயைத் தாண்டி அவரைப் பார்த்தாள்.

"நீங்கதான அந்தக் குளியலறைக்காரர்?"

எல்ராய் திகைத்துப்போனார்.

"போய்விட வேண்டாம்னு சீட்டு எழுதுவீங்களாமே. மார்லிஸ் சொல்லிச் சொல்லி இந்த வரிசையே சிரிக்கும். பனி தள்ற சீட்டு, தபால்காரன் வேகமாப் போறது, எல்லாம் எங்களுக்குத் தெரியும். இத்தன வருஷமா உங்களோடதான் இருந்திருக்கோம்." பிறகு குரல் தாழ்ந்தது. "அந்த நாற்காலி உங்களுது. வேற யாரையும் அவ உக்கார விடமாட்டா. நான் ஒரு தடவ உக்காந்து திட்டு வாங்கினேன்."

அவர் உடனே உட்காரவில்லை. உள்ளே போய் எல்லாவற்றையும் பார்த்தார். ஆணியில் தொங்கிய வைக்கோல் தொப்பி, மூட்டு வலிக்குத் தடவும் தைலம், எலுமிச்சை மரம் தெரிகிற சின்ன ஜன்னல். எதையும் தொடவில்லை. ரெனேயும் பெட்டிகளைக் காரிலேயே விட்டுவிட்டாள். நாளைக்கு எடுத்தால் போதும்.

வெயில் சாயும் நேரத்துக்கு வெளியே வந்து, தொய்யாத நாற்காலியில் உட்கார்ந்தார். புதுத் துணி மாதிரி அது கிரீச்சிட்டது. தூரத்தில் கூழைக்கடா ஒன்று தண்ணீரில் தலைகீழாக விழுந்தது. ரெனே படியில் உட்கார்ந்துகொண்டாள். அம்மாவின் நாற்காலியில் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை.

பக்கத்தில் லோயிஸ் ரேடியோ கேட்டுக்கொண்டே மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். திடீரென்று கையை நீட்டி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். அவளுக்கு அடுத்த வீட்டில் பேசிக்கொண்டிருந்த கிழவரும் நிறுத்தினார். ரெனே கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து தாண்டி ஐந்து நிமிஷம்.

லோயிஸுக்கு அப்போதுதான் தான் செய்தது தெரிந்தது. "பழக்கம்" என்றாள், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. "இந்த நேரம் அவ போன் பண்ணுவா. நாங்க யாரும் சத்தம் போட மாட்டோம்." மறுபடி ரேடியோவைக் கூட்டப் போனவள், எல்ராயின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.

அலைச்சத்தம் மட்டும் இருந்தது. எல்ராய் பக்கத்து நாற்காலியின் கைப்பிடியில் தன் கையை வைத்தார்.

"மூடியாச்சு" என்றார்.